கல் இருக்கிறது, கதை சொல்ல ஆளில்லை

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் நெடுஞ்சாலையில், தக்கலையை எட்டுவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது புலியூர்க்குறிச்சி. சாலைக்கு அருகிலேயே ஒரு கருங்கல் மதில் எழுந்து நிற்கும். பேருந்தில் போகிறவர்கள் ஏதோ பழைய சுவர் என்று பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதுதான் உதயகிரிக் கோட்டை. இன்று அது வனத்துறையின் பொறுப்பில் உள்ள பூங்கா. மர நிழலுக்காகவும் பிள்ளைகள் ஓடியாடுவதற்காகவும் குடும்பங்கள் வருகின்றன. உள்ளே கொஞ்சம் நடந்தால் கூரையில்லாத ஒரு தேவாலயம். அதன் சுவர்களுக்கு நடுவே சில கல்லறைகள். ஒரு கல்லறையின் மேல் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன.

லத்தீனும் தமிழும் ஒரே கல்லில் வந்து சேர்ந்தது எப்படி? அந்தக் கேள்வியோடு நிற்கிறவருக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், அடுத்த அரை மணி நேரத்தை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டார்.

1741-ல் மிளகுக்காக நடந்த சண்டை அது. மலபார் கரையின் மிளகு வணிகத்தைத் தன் கையில் வைத்திருந்த டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியும், சிறிய வேணாட்டைப் பெரிய திருவிதாங்கூராக விரித்துக்கொண்டிருந்த மார்த்தாண்ட வர்மாவும் மோதினார்கள். குளச்சல் கடற்கரையில் இறங்கிய டச்சுப் படை தோற்றது. ஐரோப்பியக் கம்பெனி ஒன்றை இந்திய மன்னர் ஒருவர் களத்தில் வீழ்த்திய அரிய போர்களில் ஒன்று இது. பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டேஷியஸ் டி லனாய். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும்.

மன்னர் அவருடைய தலையை வாங்கவில்லை, தன் படையைப் பயிற்றுவிக்கும் வேலையை அவர் தலையில் வைத்தார். நேற்றுவரை எதிரியாக இருந்தவர் துப்பாக்கி பிடிப்பதையும் அணிவகுத்து நிற்பதையும் திருவிதாங்கூர் வீரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். உதயகிரிக் கோட்டையைக் கருங்கல்லால் எடுத்துக் கட்டினார், அதனுள் பீரங்கி வார்க்கும் பட்டறை அமைத்தார். ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய கேப்டன், என்று ஊர் அவரை அழைத்தது. வடக்கே அவர் எழுப்பிய நெடுங்கோட்டை என்ற அரண்தான், அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1789-ல் திப்பு சுல்தானின் படை வந்தபோது முதலில் எதிர்கொண்டது. 1777-ல் தன் 62-வது வயதில் டி லனாய் உதயகிரியிலேயே கண்மூடினார். களக்காட்டுப் போரில் இளம் வயதிலேயே இறந்துபோன மகனும், மனைவியும் அவருக்குப் பக்கத்தில் கிடக்கிறார்கள். சொந்த மண்ணை அவர் திரும்பவும் பார்க்கவே இல்லை.

கதை இதோடு முடியவில்லை. திருவிதாங்கூர் அரண்மனைப் பணியில் இருந்த நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, டி லனாயோடு பழகி, 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதற்காகச் சித்திரவதைப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. துறவியாகவோ குருவாகவோ இல்லாத ஓர் இந்தியக் குடும்பஸ்தர் புனிதராக உயர்த்தப்பட்டது அதுவே முதல்முறை. டி லனாயைத் தன் தளபதியாக்கிய மன்னரும், டி லனாயின் நண்பரைத் தண்டித்த மன்னரும் ஒருவரே. ஒரு மிளகுச் சண்டை, ஒரு கைதி, ஒரு சேனாதிபதி, ஒரு புனிதர். எல்லாமே சாலையோர மதிலுக்கு உள்ளே தொடங்குகிறது. அதைப் பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்லறை வரைக்கும் நடக்கிறார்கள்?

ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் தமிழ்நாடு இரண்டு மலைகளின் மேல் ஏறுகிறது. ஊட்டியும் கொடைக்கானலும் தாங்கமாட்டாமல் திணறியதால், சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டு 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களுக்கும் இ-பாஸ் முறையைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த நெரிசலுக்கு மக்களைக் குறை சொல்வது நியாயம் இல்லை. எங்கே போவது என்று கேட்டால் எல்லோரும் கைகாட்டுவது அந்த இரண்டு மலைகளைத்தான். விசித்திரமான ஊர் எது என்று தேடினாலோ, துருக்மெனிஸ்தானில் அணையாமல் எரியும் எரிவாயுப் பள்ளம் வரைக்கும் படம் காட்டுவார்கள், புலியூர்க்குறிச்சியைக் காட்டமாட்டார்கள். இங்கே அதிசயமான இடங்களுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றின் கதையை அந்த இடத்திலேயே நின்று சொல்ல ஆள் இல்லாததுதான் குறை. சுற்றுலாவுக்கு என்று ஒதுக்கும் பணம் வண்ண விளக்குக்கும், ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் நிறுத்தும் செல்ஃபி மேடைக்கும் போகிறது. ஒரு நல்ல கதைசொல்லிக்கு மாதச் சம்பளம் கொடுப்பது மட்டும் யார் திட்டத்திலும் வருவதில்லை.

இதற்கு ஒரு நிர்வாகக் காரணமும் இருக்கிறது. உதயகிரி வனத்துறையிடம். அதற்குச் சிறிது தொலைவிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் முகவரி தமிழ்நாடு, நிர்வாகமோ கேரள அரசின் தொல்லியல் துறையிடம். 1956-ல் மாநில எல்லைகள் பிரிந்தபோது அமைந்த ஏற்பாடு அது. குளச்சலில் போர் வெற்றித் தூண் கடற்கரையில் நிற்கிறது. தேவசகாயத்தின் உடல் நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் உள்ளது, அது மறைமாவட்டத்தின் பொறுப்பு. கதை ஒன்றுதான், ஆனால் அது நான்கு இடங்களில் நான்கு கைகளில் சிதறிக் கிடக்கிறது. மரங்களைக் காப்பது வனத்துறையின் கடமை. அதை அவர்கள் செய்கிறார்கள். கதையைக் காப்பது யார் கடமை என்று எந்த அரசாணையிலும் எழுதப்படவில்லை. கன்னியாகுமரிக்குச் சூரிய உதயம் பார்க்க வருகிறவர் ஒரே நாளில், ஒரே வழிகாட்டியோடு, இந்த நான்கு இடங்களையும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியும். அப்படி ஓர் ஏற்பாடு செய்வதற்கு ஒரு மாவட்ட ஆட்சியரின் ஒரு கூட்டம் போதும்.

சோழமண்டலக் கரையில் இதைவிடப் பெரிய ஒரு வினோதம் இருக்கிறது.

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் முதலில் நகர வாசலைத் தாண்டி ராஜா வீதியில் நுழைவார்கள். அலை அடிக்கும் கரையில் டான்ஸ்போர்க் கோட்டை மண் நிறத்தில் நிற்கும். 1620-ல் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் அனுப்பிய ஓவே கெட்டே, தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு கட்டிய கோட்டை அது. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தமிழில் எழுதி அனுப்பிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகனில் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. 225 ஆண்டுகள் கழித்து, 1845-ல், தரங்கம்பாடியையும் வங்காளத்தின் செராம்பூரையும் சேர்த்து டேனிஷ்காரர்கள் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள்.

அந்தக் கோட்டைக்குள் ஒரு சிறை இருந்தது. 1706 ஜூலை 9 அன்று இந்தக் கரையில் இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் பார்த்தலோமேயு சீகன்பால்கு, டேனிஷ் தளபதியின் கோபத்துக்கு ஆளாகி 1708-ன் இறுதியில் நான்கு மாதங்கள் அதில் அடைபட்டுக் கிடந்தார். வந்த புதிதில் தமிழ் கற்க அவர் தேர்ந்த வழி எளியது: திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதினார். இரண்டே ஆண்டுகளில் தான் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியலே தயாரித்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு நூல் எழுதி 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கே இருந்த அவருடைய மேலோர் அதை அச்சிட மறுத்துவிட்டார்கள். பிற சமயத்தை அழிக்க அனுப்பிய ஆள் அதைப் பற்றி ஐரோப்பாவுக்குப் பாடம் நடத்துவதா என்பது அவர்களுடைய எண்ணம். அந்தக் கையெழுத்துப் படி 1867-ல்தான் அச்சேறியது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பெட்டிக்குள் கிடந்தது.

அச்சுக்கூடத்தின் கதை இன்னும் சுவையானது. ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் போதாது. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத் தகடுகளை உருக்கி, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. பக்கத்துப் பொறையாறில் ஒரு காகித ஆலையையும் தொடங்கினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 36 வயதில், சீகன்பால்கு இறந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமானார்.

இங்கே கதைசொல்லிக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. தமிழின் முதல் அச்சுப் புத்தகம் தரங்கம்பாடியில்தான் வந்தது என்று பலர் சொல்லக் கேட்கலாம். அது சரியல்ல. தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-லேயே கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை அதனால் ஒரு குன்றிமணி அளவும் குறையாது. ஈயத் தகட்டை உருக்கி எழுத்து வார்த்த கைகளுக்கு ‘முதல்’ என்ற பொய்ப் பட்டம் தேவையில்லை. ஆள் இல்லாத இடத்தில் கதை தானாகவே உருவாகும், தப்பாக உருவாகும். அதுவே பிறகு யூடியூபில் ஏறி உண்மையாகிவிடும்.

தரங்கம்பாடிக் கோட்டையைச் சீரமைக்க டென்மார்க்கின் ஆர்வலர்கள் கடல் கடந்து வந்து உழைத்தார்கள், டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் ஆளுநர் மாளிகையை மீட்டெடுப்பதில் கைகொடுத்தது. தாங்கள் விற்றுவிட்டுப் போன ஊரின் மேல் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை. அதே கரையில், 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டைத் தாங்கிய மாசிலாமணிநாதர் கோயில், கடலரிப்பில் முன்பகுதியை இழந்து நின்றது. நமக்கும் அந்த அக்கறை வேண்டும்.

மண்ணுக்கு அடியில் உள்ள கதைகளைச் சொல்வது இன்னும் கடினம். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைக்கு வக்கிரகாளியைக் கும்பிட நாள்தோறும் கூட்டம் வருகிறது. வக்கிராசுரனையும் அவன் தங்கையையும் வதைத்த கதையைக் கோயிலில் யாரைக் கேட்டாலும் மூச்சு விடாமல் சொல்வார்கள். அதே ஊரில், கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். பட்டையின் வரி, உள்ளே வளையம் எல்லாம் அப்படியே தெரியும்; தொட்டால் பாறை. 1781-லேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதினார். உற்றுப் பார்த்தால் ஒரு புதிர் தெரியும்: கிளையும் இல்லை, வேரும் இல்லை, வெறும் அடிமரங்கள். அவை இங்கே முளைத்தவை அல்ல, எங்கோ நின்ற காட்டைப் பெருவெள்ளம் புரட்டி இழுத்துவந்து இந்த மணலில் புதைத்தது என்று அறிவியலாளர்கள் அதைக் கொண்டே கண்டுபிடித்தார்கள். காளி கதையைச் சொல்லத் தெரிந்த ஊர்ப்பிள்ளைக்கு இந்த வெள்ளக் கதையைச் சொல்லத் தெரியாதா? ஒரு மாதம் பயிற்சி கொடுத்தால் வெளுத்து வாங்குவார்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒற்றைக் கல்மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்குச் சொன்னார். வயது 12 கோடி ஆண்டுகள். அந்தச் சுற்றுவட்டாரமும் அரியலூரும் ஒருகாலத்தில் கடலுக்கு அடியில் இருந்தவை. சுருள் ஓடு கொண்ட அம்மோனைட் முதல் சிப்பிவரை அங்கே மண்ணைக் கிளறினால் வரும். அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லில்தான் சிமென்ட் ஆலைகள் ஓடுகின்றன. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் சுவருக்குள் அந்தப் பழைய கடல் இருக்கிறது. வாரணவாசியில் இதற்கென்றே புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. திருச்சியிலிருந்து சென்னைக்குக் காரில் போகிற குடும்பம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்த சொற்களைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

தொலைவு போக முடியாதவர்களுக்குப் பல்லாவரம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பெயர்போன பல்லாவரம்தான். 1863 மே 30 அன்று, அங்கே ஒரு சரளைமண் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற 28 வயதுப் புவியியலாளர் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். மனிதன் செதுக்கிய கைக்கோடரி அது. இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அறிவியல் உலகம் ஏற்ற முதல் சான்று அதுவே. வரலாற்றுக்கு முன்பே மனிதன் கல்லைச் செதுக்கினான் என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டே அப்போது நான்கைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சில மாதங்களில் கொற்றலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்திலும் அவர் கற்கருவிகளைக் கண்டார். அதே அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவின் குழு பல ஆண்டுகள் அகழ்ந்து, அங்கே கைக்கோடரி செய்த மனிதர்களின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானது என்று 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. 2018-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த அடுத்த ஆய்வு, அங்கேயே சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கருவி செய்யும் முறையே மாறியதைக் காட்டியது. உலகத்து ஆய்வாளர்கள் வரைபடத்தில் விரல் வைத்துத் தேடும் ஊர் அது. ஃபுட் தன் திரட்டைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். எழும்பூரில் கண்ணாடிக்குப் பின்னால் அவை இருக்கின்றன. அவருடைய நினைவிடம் ஏற்காட்டுத் தேவாலயத்தில் இருக்கிறது. ஏற்காட்டுக்குப் படகு சவாரிக்கு வருகிறவர்களில் ஒருவராவது ஒரு பூ வைத்துவிட்டுப் போகலாம்.

இப்படியெல்லாம் எழுதி ஆட்களை அனுப்பினால் அந்த இடங்களும் கெட்டுவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான பயம்தான். கல்மரத்தில் ஒரு சில்லு, பழைய சுவரில் ஒரு பவளக்கல் என்று ஆளாளுக்கு ஞாபகத்துக்கு எடுத்துப்போனால் பத்து ஆண்டுகளில் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் சில்லை உடைக்கிறவர் பெரும்பாலும் அது என்ன என்று தெரியாதவர். 2 கோடி ஆண்டு என்று ஒருவர் எதிரே நின்று சொல்லிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் கை வராது. வேலியைவிட, பெயர்ப்பலகையைவிட, அபராதத்தைவிட, ஊரைச் சேர்ந்த ஒரு மனிதர் அங்கே இருப்பதுதான் காவல். அவருக்குச் சோறு போடும் வேலையாகவும் அது இருந்தால், எல்லாக் கல்லையும் எண்ணி வைத்திருப்பார்.

கதைசொல்லி ஏன் அவசரமாகத் தேவை என்பதற்கு இராமேசுவரத் தீவின் கடைசி முனையைவிட வேறு சான்று வேண்டாம்.

1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னை எழும்பூரில் ஏறிய பயணி ஒரே டிக்கெட்டில் கொழும்புவரை போனார். தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மீண்டும் ரயில். ‘போட் மெயில்’ என்று பெயர். வணிகர்களும் யாத்திரிகர்களும் மட்டும் அதில் போகவில்லை. தேயிலைத் தோட்டங்களுக்குப் பெயர்ந்த தமிழ்க் கூலித் தொழிலாளர்களில் பெருந்திரளானவர்கள் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, இந்த வழியாகத்தான் கடலைக் கடந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களும் அதே மண்டபம் முகாமில்தான் தங்கவைக்கப்பட்டார்கள். தனுஷ்கோடி அன்று ரயில் நிலையம், சுங்கச் சாவடி, அஞ்சல் நிலையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், தேவாலயம் என்று எல்லாம் இருந்த ஊர்.

1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ம் எண் பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியைச் சில நூறு மீட்டர் தொலைவில் பார்த்தபடி நின்றது. சிக்னல் வேலை செய்யவில்லை. ஓட்டுநர் நீண்ட நேரம் விசிலடித்துவிட்டு இருட்டுக்குள் மெல்ல வண்டியை நகர்த்தினார். புயலில் எழுந்த பேரலை ரயிலை அப்படியே கவிழ்த்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளில் யாரும் பிழைக்கவில்லை. ஊரும் அன்றிரவே போயிற்று. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. சிதைந்த பாம்பன் பாலத்தை, இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாட்களில் மீட்டார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவில்லை.

இன்று அங்கே போவது எளிது. 2017-ல் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை வந்துவிட்டது. விடுமுறை நாட்களில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. தேவாலயத்தின் பவளக்கல் சுவருக்கு முன்னால் திருமணப் படப்பிடிப்பு நடக்கிறது. ஆங்கிலத்தில் ஆளில்லாமல் போன ஊரை ‘கோஸ்ட் டவுன்’ என்பார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘பேய் நகரம்’ ஆக்கி, பிறகு பேயையும் உண்மையாகவே கொண்டுவந்து நிறுத்திவிட்டன வீடியோக்கள். நள்ளிரவில் ரயில் சத்தம் கேட்குமாம். அதே மணலில் ஓலைக் கொட்டகை போட்டு, வலை உலர்த்தி, அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ‘இது பேய் ஊர்’ என்று கேமராவைப் பார்த்துப் பேசுவது கொடுமை. அன்றிரவு இறந்தவர்கள் திகில் கதைக்குக் கிடைத்த பொருள் அல்ல. அவர்களுக்கு அக்காவும் தம்பியும் இருந்தார்கள், சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

ஜப்பானின் ஹிரோஷிமா நகராட்சி இப்படி ஒரு சிக்கலை 2012-ல் நேருக்கு நேர் சந்தித்தது. அணுகுண்டைக் கண்ணால் கண்டவர்கள் முதுமையில் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய நினைவை அடுத்த தலைமுறை வாய்மொழியாகவே சுமக்கட்டும் என்று, விருப்பமுள்ளவர்களைத் தேர்ந்து, உயிர் பிழைத்தவர் ஒருவரோடு ஆண்டுக்கணக்கில் பழகவிட்டு, அவர் கதையை அவர் சார்பில் சொல்லப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் இப்போது அந்த வாரிசுகளின் வாயிலிருந்து அதைக் கேட்கிறார்கள். அதற்குக் கோடிகள் செலவாகவில்லை. பொறுமை செலவானது.

தனுஷ்கோடிக்கும் அதைத்தான் செய்ய வேண்டும். சிதைந்த தேவாலயத்துக்கு விளக்குப் போடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இராமேசுவரத்திலும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் உள்ள முதியவர்களைத் தேடிப் போங்கள். தமிழ்நாடு அரசின் சுற்றுலாத் துறையும், ராமநாதபுரம் மாவட்ட நிர்வாகமும், அங்குள்ள கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் சேர்ந்தால் ஒரு பருவத்தில் முடித்துவிடலாம். மாணவர் ஒருவர், முதியவர் ஒருவர், ஒரு ஒலிப்பதிவுக் கருவி. பிறகு அந்த மாணவர்களிலேயே ஆர்வமுள்ள பத்துப் பேரைத் தேர்ந்து, சம்பளம் கொடுத்து, இடிந்த ரயில் நிலையத்துக்கு அருகே நிற்கவையுங்கள். அங்கே வாழும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதில் முதலிடம் கொடுங்கள். இதே முறை உதயகிரிக்கும் திருவக்கரைக்கும் தரங்கம்பாடிக்கும் பொருந்தும், ஆனால் அந்த ஊர்கள் காத்திருக்கும். கல்மரம் எங்கும் போகாது. டி லனாயின் கல்லறை இன்னும் பல காலம் இருக்கும்.

தனுஷ்கோடியில் அந்த அவகாசம் இல்லை. 1964 டிசம்பரில் பத்து வயதாக இருந்தவர்கள் எல்லோரும் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.